கரடிக்குக் கேட்கும்படி பேசிய சம்பந்தி

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்குச் சற்று முந்தைய ஒரு வாரம். இடம், இமாசலப் பிரதேசத்தில் குலு மாவட்டத்தில் இருக்கும் ஒரு தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் நான்கூட முதலில் நடைபாதையும் சிமென்ட் பெஞ்சும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மலையும் ஆறும் காடும்தான். கரடி, சிறுத்தை, கஸ்தூரி மான், இன்னும் மேலே பனி விழுகிற உயரத்தில் பனிச்சிறுத்தை என்று எல்லாம் வாழ்கிற இடம் அது. அங்கே என்னோடு வந்தவர் என் சம்பந்தியம்மா. அதாவது, என் மகளின் மாமியார்.

நான் முகப்பேரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஒரே மகள் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த பையனையே விரும்பித் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீடு திருநின்றவூர் பக்கம் ஒரு பழைய கிராமம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, மீதி இருந்த இடத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கறோங்க." "சாப்டீங்களா?" "ஆச்சுங்க." அதற்குமேல் இரண்டு பேருக்கும் வராது. என் தமிழும் அவர் தமிழும் வேறு, சமையல் வேறு, சாமி கும்பிடுகிற விதமும் வேறு. போதாததற்கு, அந்த வருடம் பொங்கலுக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆபீசில் வேலை என்றாள். மாப்பிள்ளை அப்போது வெளிநாட்டில் இருந்தார். மகன் ஊரில் இல்லாத நேரத்தில் மருமகளை அனுப்ப மாமியாருக்கு மனசில்லை போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளைக்குப் பறவை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூர் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். இமயமலைப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று மகளும் சேர்ந்து திட்டம் போட்டு, விமானத்துக்கும் தங்குகிற இடத்துக்கும் பதிவு செய்துவிட்டார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கம்பெனியில் ஏதோ அவசரம், இரண்டு பேருக்கும் லீவு ரத்து. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, அங்க வழிகாட்டிகூட இருக்காரு" என்றாள் மகள். நான் தயங்கினேன். அங்கே சம்பந்தியம்மாவும் தயங்கியிருப்பார். ஆனால் முதலில் யார் வேண்டாம் என்று சொல்வது? மரியாதைக்காக இரண்டு பேருமே சரி என்று சொல்லிவிட்டோம்.

விமானம் டெல்லிக்குப் போகும்போதுதான் சம்பந்தியம்மா முதல்முறையாக நாலு வார்த்தை தாண்டிப் பேசினார்.

"ஏன் டீச்சரம்மா, அங்க கோயிலு எதுனா கீதா?"

"தெரியலைங்க. காடுன்னு சொன்னாங்க."

"ஏரியில பறவையப் பாத்துகினு கீறது பத்தலன்னு நம்மள எதுக்கு இவன் இமயமலைக்கு அனுப்புறான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றியது ஆயிற்றே, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெல்லியிலிருந்து பஸ், அப்புறம் ஜீப். ஆற்றங்கரையில் மரத்தாலான ஒரு வீட்டில் மேல்மாடி அறை எங்களுக்கு. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். நான் சுடிதாரும் ஸ்வெட்டருமாகச் சுருண்டு கிடந்தேன். சம்பந்தியம்மாவோ புடவையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்த தெர்மல் பேன்ட், அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் புடவை, அதற்கு மேல் மகனுடைய பெரிய ஸ்வெட்டர். காலில் ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூ. அந்தக் கோலத்தில் காலையில் ஆற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்காரப் பெண்மணி தானும் வந்து பக்கத்தில் நின்று கும்பிட்டார்.

மறுநாள் காலை பூங்காவுக்குள் நடந்தோம். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள முடிந்தது. கிளம்பும்போதே ஒன்று சொன்னார். இந்த மாதத்தில் கரடிகள் குளிர்காலத்துக்காக வயிறு நிறையத் தின்று திரியும், வால்நட் மரங்களைத் தேடிக் கீழே வரும். அவை தாமாக வந்து மனிதனைத் தாக்குவது குறைவு. திடீரென்று எதிரே ஆளைப் பார்த்துவிட்டால்தான் மிரண்டு பாயும். அதனால் ஆள் வருவது தெரியும்படி பேசிக்கொண்டே நடங்கள் என்றார்.

நான் இதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பேச வேண்டுமாம். எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? நான் வானிலை பற்றி ஏதோ சொன்னேன். அவர் "ஆமாங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டியே நிலைமையைப் புரிந்துகொண்டு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

வழி அழகாக இருந்தது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தேவதாரு மரங்கள். ஒரு பாறைச் சரிவில் காட்டு ஆடுகள் இரண்டு நின்று எங்களைப் பார்த்தன. அப்புறம் ஒரு திருப்பத்தில் வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். புதருக்குப் பக்கத்தில் கோழியைவிடப் பெரிய ஒரு பறவை. மயிலின் கழுத்து நிறம், செம்பு நிறம், பச்சை, ஊதா எல்லாம் அதன் முதுகில் மாறி மாறி மின்னியது. மோனால் என்று பெயராம். வழக்கமாக இன்னும் உயரத்தில்தான் இருக்குமாம். சம்பந்தியம்மா மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். அது பறந்து போன பிறகு, "எம்புள்ள இத்தப் பாக்காம ஆபீசுல ஒக்காந்துகினு கீறானே" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் கையைத் தொடலாமா என்று நினைத்தேன், தொடவில்லை.

மத்தியானம் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வரும் வழியில் மலையிலிருந்து இறங்கி ஆற்றில் சேர்கிற ஒரு ஓடை உண்டு. அதன் குறுக்கே இரண்டு மரக்கட்டைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். காலையில் சுலபமாகக் கடந்த இடம்தான். வழிகாட்டி முதலில் போய், சம்பந்தியம்மாவைக் கைபிடித்து அந்தப் பக்கம் விட்டார். என்னை அழைத்துப் போகத் திரும்பி வருவதற்குள் நானே நாலடி வைத்துவிட்டேன். ஈரக் கட்டையில் ஷூ வழுக்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான்.

ஆழம் இடுப்பளவுகூட இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் குளிரை எப்படிச் சொல்வது? உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டித் திருகிக்கொண்டது. வழிகாட்டி குதித்து என்னை இழுத்துக் கரையில் போட்டார். எழுந்து நிற்கப் பார்த்தேன். வலது கால் தரையில் பட்டதும் கண் இருட்டியது.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. வழுக்குகிற ஒற்றையடிப் பாதையில் என்னைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக அவரால் முடியாது. பக்கத்தில் பாறை ஒன்று கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். நெருப்பு மூட்டப் பார்த்தார். விறகெல்லாம் நனைந்திருந்ததால் புகைதான் வந்தது. தன் ஜாக்கெட்டைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு, கிராமத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொன்னார். போகும்போது என்னிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி, சம்பந்தியம்மாவுக்கும் சொல்லச் சொன்னார். நான் தூங்கிவிடக் கூடாது. இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் ஓடி மறைந்ததும் சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"டீச்சரம்மா, ஈரத்தக் கழட்டுங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கூச்சம்.

"இங்க யாரு கீறா பாக்கறதுக்கு? கழட்டுன்றேன்ல."

அப்போதுதான் அவர் முதல்முதலாக என்னிடம் மரியாதையை விட்டுவிட்டுப் பேசினார். நான் விறைத்த விரல்களோடு தடுமாற, அவரே என் ஈரத்துணியை எல்லாம் கழற்றினார். தன் பையிலிருந்த துண்டால் தலையிலிருந்து கால்வரை அழுத்தித் துடைத்தார். பிறகு தன் இடுப்பில் சொருகியிருந்த கொசுவத்தை உருவிப் புடவையை அவிழ்த்தார். அவருடைய மழைக்கோட்டுக்குள் இருந்ததால் அது காய்ந்தே இருந்தது. அந்த ஆறு கெஜத்தையும் மடித்து மடித்து என்னைச் சுற்றினார். மேலே அவருடைய ஸ்வெட்டர், அதற்கு மேல் வழிகாட்டியின் ஜாக்கெட். அவர் மிச்சமிருந்த தெர்மல் துணியோடும் பாவாடையோடும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பின்னாலிருந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டார். பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து உடைத்து உடைத்து என் வாயில் போட்டார்.

"மெல்லு. முழுங்காத, மெல்லு."

பிறகு பேச ஆரம்பித்தார். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை, அவரே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். வாடகைக்கு இருக்கிறவர்கள் மோட்டார் போட்டுவிட்டு நிறுத்த மறப்பது, மாடியில் காயப்போட்ட வடாமை அணில் தின்றது, கல்யாணத்துக்கு எடுத்த புடவையில் சாயம் போனது என்று என்னென்னவோ. நடுநடுவே "கேக்குதா?" என்பார். நான் "ம்" என்பேன். என் ம் கொஞ்சம் மெதுவாக வந்தால் கன்னத்தில் தட்டுவார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. ஓடைக்கு அந்தப் பக்கம் சரிவில் கற்கள் உருண்டன. முதலில் வழிகாட்டி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். புதர் அசைந்தது. கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. மாடு என்று நினைத்தேன். அது தலையைத் தூக்கியபோது நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறைக் கோடு தெரிந்தது. கரடி.

எங்களுக்கும் அதற்கும் நடுவே அந்த ஓடை மட்டும்தான். என்னால் ஓட முடியாது. அவரால் முடியும். அவர் நினைத்திருந்தால் பாதையில் இறங்கிப் போயிருக்கலாம். அவருடைய கைகள் என்னை இன்னும் இறுக்கியதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இதயம் என் முதுகில் அடித்துக்கொள்வதை நான் உணர்ந்தேன். ஆனால் குரலில் அது தெரியவில்லை. தெருவில் நிற்கும் யாரிடமோ பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"தோ பாரு. நாங்க இங்கதான் கீறோம். ஒடம்புக்கு முடியாதவ ஒருத்தி படுத்துகினு கீறா. உன்ன நாங்க ஒன்னும் பண்ணல. உன் வழியப் பாத்துகினு நீ போயிடு."

கரடி மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. போகவில்லை.

"இன்னா பாக்கற? இங்க துன்றதுக்கு ஒன்னும் இல்ல. கடல மிட்டாயும் தீந்துபோச்சி. போ, மேல போ. உம்புள்ள குட்டி தேடிகினு இருக்கும், போ."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அது நின்று கேட்டது. கடைசியில் எங்களை அவ்வளவாகப் பிடிக்காததுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, உடம்பைக் குலுக்கிக்கொண்டு சரிவில் ஏறிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் மரக்கிளைகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

சம்பந்தியம்மா அதற்கப்புறம் பேச்சை நிறுத்தவே பயந்தார். அது பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. ஆனால் வீட்டுக் கதை, தெருக் கதை எல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்கோ கண்கள் சொருகின. தூக்கம் இனிமையாக, வெதுவெதுப்பாக வந்தது. அது எவ்வளவு ஆபத்தான தூக்கம் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

"ஏய், கண்ண மூடாத. இங்க பாரு. உம்பொண்ணப் பத்தி உனக்கு ஒன்னு தெரியாது, சொல்லட்டா?"

மகளைப் பற்றி என்றதும் கண்ணைத் திறந்தேன்.

"யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு அவளாண்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். இப்ப நானே சொல்றேன். கேளு." கரடிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த ரகசியத்தையும் அவர் உரத்த குரலில்தான் சொன்னார்.

"பொங்கலுக்கு முன்ன எனக்கு மார்ல ஒரு கட்டி. கோலிகுண்டு மாதிரி. எங்கூட்டுக்காரராண்ட சொன்னா அந்த ஆளு அன்னிக்கே படுத்துக்குவாரு. புள்ள வெளிநாட்டுல கீறான், அவனாண்ட இத்த எப்படி சொல்றது? வெக்கமா இருந்துச்சி. வர்றது வரட்டும்னு உட்டுட்டேன். ஒரு நாளு துணி காயப்போடசொல்ல கையத் தூக்க முடியல. உம்பொண்ணு பாத்துட்டா. இன்னா அத்தன்னு கேட்டா. ஒன்னும் இல்லன்னேன். அவ உடல. கதவச் சாத்திட்டு எதிர்ல வந்து ஒக்காந்துகினா. சொல்ற வரைக்கும் ஏந்திருக்கல."

நான் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன்.

"மறுநாளே ஆஸ்பத்திரி. ஊட்ல இன்னா சொல்றது? மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிகினு கீறோம்னு சொல்லிட்டுப் போவோம். வரசொல்ல ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி எங்கையில குடுப்பா, மாமா கேட்டா காட்டுங்கன்னு. அம்மன் பேர சொல்லிப் பொய் சொல்றோமேன்னு எனக்கு ஒதறல். அம்மனும் பொம்பளதானே அத்த, புரிஞ்சுக்கும்னா."

பின்னாலிருந்து அவர் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது.

"கட்டிய எடுத்து சோதனைக்கு அனுப்பிட்டாங்க. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் அவ தூங்கல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறா. நல்லவேள, கெட்ட கட்டி இல்லன்னுட்டாங்க. பொங்கலுக்கு நீ உங்கம்மா ஊட்டுக்குப் போம்மா, வழி பாத்துகினு இருப்பாங்கன்னேன். தையல்கூட பிரிக்கல, உங்கள உட்டுட்டு எப்படிப் போறதுன்னு சொல்லிட்டா. எனக்குத் தலைக்கு ஊத்தி, சீவி உட்டு, ஜாக்கெட்டு மாட்டி உட்டு... எனக்குப் பொண்ணு பொறக்கலன்னு ஒரு கொற இருந்துச்சி. இப்ப அது இல்ல. உன்ன ஒவ்வொரு வாட்டி பாக்கசொல்லயும் வாய் வரைக்கும் வரும், இன்னா வளப்பு வளத்துகீறன்னு. சொன்னா மீதியையும் சொல்லணுமே, அதான் சாப்டீங்களான்னு கேட்டுட்டுப் போயிடுவேன்."

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தக் குளிரில் கன்னத்தில் அது மட்டும் சுட்டது.

"இன்னா, கால் வலிக்குதா?" என்றார் பதறிப்போய்.

"இல்ல" என்றேன். நான் சொன்ன முதல் முழு வார்த்தை அதுதான்.

"அழு, பரவால்ல. அழுதா தூக்கம் வராது."

கீழே பாதையில் விசில் கேட்டபோது அவர் தன் கல்யாணக் கதையில் இருந்தார். வழிகாட்டியோடு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். கம்பளி, சுடுதண்ணீர், கயிறு, ஒரு மர நாற்காலி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, ஒருவர் முதுகில் சுமந்தார். அவர் களைத்தால் அடுத்தவர் வாங்கிக்கொண்டார். பெண்கள் இரண்டு பக்கமும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. வழுக்குகிற இடம் வரும்போதெல்லாம் அந்தப் பெண்களில் ஒருத்தி என் முழங்காலைத் தடவிக்கொடுத்து ஏதோ சொன்னாள். அது எனக்குத் தெரிந்த இந்தியும் இல்லை, அவர்கள் மலைப் பேச்சு. அர்த்தம் மட்டும் புரிந்தது.

சம்பந்தியம்மா தெர்மல் பேன்ட்டும் பாவாடையும் மழைக்கோட்டுமாகப் பின்னால் வந்தார். கிராமத்துக்குள் நுழையும்போது ஆட்கள் திண்ணைகளில் நின்று பார்த்தார்கள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவர் பார்த்தவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே நடந்தார்.

ஒரு வீட்டில் எங்களைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுபோய், இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மஞ்சள் போட்ட பால் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண்மணி கடுகெண்ணெயைச் சுடவைத்து என் உள்ளங்காலில் தேய்த்தார். சம்பந்தியம்மாவுக்குத் தங்கள் கம்பளிப் போர்வையை அந்த ஊர்ப் பெண்கள் கட்டுவதுபோலவே கட்டி, அவிழாமல் இருக்கத் தோளில் ஊக்கு குத்திவிட்டார்கள். கரடி வந்ததை நான் வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. பிறகு, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சம்பந்தியம்மா எழுந்து நின்று, தான் கரடியிடம் பேசியதை அப்படியே தமிழில் நடித்துக் காட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் அந்த வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஜீப்பில் போய் அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். கணுக்காலில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டார்கள். அந்த டாக்டர், ஈரத்துணியைக் கழற்றிக் காய்ந்த துணியைச் சுற்றியதுதான் என்னைக் காப்பாற்றியது என்றார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அத்தக் கேட்டு இன்னா பண்றது, பொடவையில சேறு ஆயிடுச்சி" என்றார் சம்பந்தியம்மா.

சென்னை விமான நிலையத்தில் மகளும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். சக்கர நாற்காலியில் என்னைப் பார்த்ததும் மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். வழக்கமாக, எல்லாம் நீ போட்ட திட்டம்தான் என்று அவளையே ஏதாவது சொல்லிவிடுவேன். அன்று அவள் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் தோளுக்கு மேல் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

நான் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரையும் மகனையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அழுதாராம். இப்போது வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். நானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அவர் பிடிவாதம். காத்திருக்கிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேச்சு நிற்காது.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"எழுது. பேரு மட்டும் போடாத. நாலு பொம்பளைங்க படிச்சா, கட்டி கிட்டி இருந்தா வெக்கப்பட்டுகினு உள்ளயே வச்சிகினு இருக்கமாட்டாங்க" என்றார்.

பெயர் போடவில்லை. அந்த மலைக்கிராமத்து மனிதர்களின் பெயர்களோ எனக்கே தெரியாது, ஆனாலும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி என்று சொல்லிவிடலாம். நான் பெற்று வளர்த்த மகளை எனக்கே புதிதாகத் தெரியவைத்தவருக்கு என்ன சொல்வது என்று மட்டும் இன்றுவரை எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.